அண்ணனின் டாங்கிக்கு நான் போட்ட கிரீஸ்

நோயாளிக்கு உதவி செய்கிறேன் என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர்களை முதலில் ஓர் அறையில் போட்டுப் பூட்ட வேண்டும். நோயாளியை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம். நான் அப்படிப் பூட்டப்படாமல் தப்பிய ஒருத்தி.

என் அண்ணன் செல்வன் வளைகுடாவில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவன். மற்றவர்கள் லீவில் வரும்போது பெட்டியில் சோப்பும் கம்பளியும் கொண்டுவருவார்கள். அண்ணன் ஒரு டாங்கி கொண்டுவந்தான். ரிமோட்டில் ஓடும் மாதிரி டாங்கி. முழங்கை நீளம், பச்சை நிறம், சுழலும் பீரங்கி. (பெட்டியைத் திறந்ததும் மைனி பார்த்த பார்வைக்கு நிஜ டாங்கியே பின்வாங்கியிருக்கும். மைனி என்றால் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

எங்கள் ஊரான இரணியலுக்கே திரும்பி வந்து நிலைத்த கொஞ்ச காலத்தில் சர்க்கரை அவன் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. டயாலிசிஸுக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போவான். போகாத நாட்களில், போய்வந்த களைப்பில் படுத்திருப்பான். அவனை எழுப்பி உட்காரவைக்க டாங்கி ஒன்றால்தான் முடிந்தது. ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. ஒருநாள் கடுகளவு ஸ்குரூ ஒன்றைக் காணோம் என்று மைனியும் நானும் தரையெல்லாம் தவழ்ந்து தேடினோம். கடைசியில் பார்த்தால் அது அவன் விரலிடுக்கிலேயே இருந்தது. மூன்று பேரும் சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

வளைகுடாவில் அவனோடு ஒரே அறையில் இருந்தவர் பாறசாலைக்காரர் சசி அண்ணன். அவரிடமும் ஒரு டாங்கி உண்டு. இரண்டு டாங்கிகளையும் பின்பக்கம் கயிற்றால் கட்டி, எதிரெதிர்த் திசையில் ஓட்டி, எது எதை இழுக்கிறது என்று பார்ப்பது அங்கே அவர்களுடைய வெள்ளிக்கிழமைப் பொழுதுபோக்கு. அண்ணன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை டாங்கியோடு வருகிறேன் என்று சசி அண்ணன் போனில் சொன்னதும் இவனுக்கு உயிர் வந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பலமான மோட்டார்களையும் உலோகப் பல்சக்கரங்கள் கொண்ட கியர்பாக்ஸ்களையும் வெளியே எடுத்தான்.

"இந்தத் தடவ அவனுக்க டாங்கிய நம்ம கிணத்தடி வரைக்கும் இழுத்துட்டுப் போவணும். ஏட்டி ஜெசி, நீதான் எனக்க கையி" என்றான்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர என் கைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையில் தலைகால் புரியாமல் போனேன்.

டாங்கிக்கு இரண்டு மோட்டார்கள். சக்கரங்களைச் சுற்றி ஓடும் இடது சங்கிலிக்கு ஒன்று, வலது சங்கிலிக்கு ஒன்று. அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினேன். மோட்டாரின் பல்லும் கியரின் பல்லும் ரொம்ப நெருங்கவும் கூடாது, விலகவும் கூடாது. அதற்கு நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, மோட்டாரின் ஸ்குரூக்களை முறுக்கி, பிறகு காகிதத்தை உருவ வேண்டும்.

"பைய உருவு, பைய. ஆங், அதுதான்! பாத்தியா, ஒனக்கு வருது!"

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தவன் படுப்பதற்கு முன் சொன்னான். "கிரீஸ் மட்டும் நான் முழிச்ச பெறவு போடலாம், கேட்டியா? பல்லுல பட்டாணி அளவு போதும். மோட்டாருக்குள்ள ஒரு பொட்டு போவப்பிடாது."

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். ஆனால் அவன் தூங்கிய பிறகு மோட்டாரை ஓட்டிப் பார்த்தால், அம்மியில் மணலை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அவன் வைத்திருந்த வெள்ளை கிரீஸ் டியூபோ பற்பசையோடு இலவசமாகத் தருகிற குட்டி டியூப் அளவுதான் இருந்தது. நோய் வந்து மனுஷன் கஞ்சனாகிவிட்டான் என்று முடிவுசெய்தேன். என் ஸ்கூட்டருக்கு வாங்கிய பழுப்பு கிரீஸ் டப்பா பக்கத்திலேயே என் வீட்டில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது போல இரண்டு கியர்பாக்ஸ்களையும் நிறைத்து, விரலால் அமுக்கி, இன்னும் கொஞ்சம் வைத்து மூடினேன். சத்தம் அடியோடு நின்றது. (அப்போது எனக்கு வந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.) எழுந்ததும் அண்ணன் கேட்டான், "கிரீஸ் போடுவமா?" "நானே போட்டாச்சு" என்றேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். களைத்திருந்தான். விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சசி அண்ணன் வந்தார். முற்றத்தில் அண்ணனுக்கு நாற்காலி போட்டோம். டாங்கி வெயிலில் ஒரு சுற்று சத்தமில்லாமல் ஓடியது.

"எடா செல்வா, இது டாங்கியா, பூச்சையா?" என்று சசி அண்ணன் வாய் பிளந்தார். (பூச்சை என்றால் பூனை.) அண்ணன் என்னைக் காட்டி, "எல்லாம் இவளுக்க வேல" என்றான். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

கயிறு கட்டினார்கள். இரண்டும் முக்கின. மெதுவாக, நம்ப முடியாதபடி, எங்கள் டாங்கி சசி அண்ணனுடையதை ஒரு சாண் இழுத்தது. அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்பக் காலமாகியிருந்தது.

அப்போது எண்ணெய் காய்கிற வாடை ஒன்று வந்தது.

"ஏட்டி," அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான், "எந்த கிரீஸ் போட்ட?"

"ஸ்கூட்டர் கிரீஸ்."

"எவ்வளவு?"

எனக்கு முன் பதிலை டாங்கி சொன்னது. கெட்டி கிரீஸை அரைத்து அரைத்து மோட்டார்கள் சூடாக, உருகிய கிரீஸ் அடிப்பக்கமாக ஒழுகிச் சங்கிலிகளுக்குக் கீழே பரவியது. தன் எண்ணெயிலேயே தான் வழுக்கி, எங்கள் டாங்கி நின்ற இடத்தில் நடனமாடியது. சசி அண்ணனின் டாங்கி அதைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு கிளம்பியது. மைனி பாயில் காயப்போட்டிருந்த நல்லமிளகுக்குள் போய், பீரங்கி முதல் சக்கரம் வரை மிளகு ஒட்டி, மசாலா தடவிய மீன் போல மறுபக்கம் வெளியே வந்தது. சசி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அண்ணனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தன் டாங்கியை நிறுத்தினார்.

எங்களுடையது நிற்கவில்லை. அதற்குள்ளிருந்து புகை வந்தது.

"அண்ணா, விடு! மோட்டார் கருகுது!" என்று கத்தினேன்.

"விட்டுட்டேன்டீ" என்றான் அண்ணன்.

அவன் பெருவிரல் ரிமோட்டின் லீவரை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. மைனி வந்து, குனிந்து, குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குவது போல அந்த விரலை லீவரிலிருந்து எடுத்துவிட்டாள். டாங்கி நின்றது. சசி அண்ணன் முற்றத்தில் சிதறிக் கிடந்த மிளகைப் பொறுக்க ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தாமலே பொறுக்கினார்.

அவர் போனதும் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் அடுக்களையில் போய் அழுதேன். சாயங்காலம் கூப்பிட்டான்.

"ஏட்டி, இஞ்ச வா. அதத் திற, பாப்போம்."

திறந்தேன். கியர் எங்கே, பல் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. உள்ளே புகுந்த மிளகு மட்டும் அங்கங்கே தெரிந்தது. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது கியர்பாக்ஸாட்டி? நடுவுல முந்திரி வச்ச அல்வா மாதிரில்லா இருக்கு!"

சிரித்தான். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கட்டும் வரை சிரித்தான். "மன்னிச்சிரு அண்ணா, எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்றேன். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கெட்டது ஒனக்க கையி இல்லட்டி. எனக்க கையி."

அதற்குப் பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைப் பெட்ரோலில் முக்கி, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அந்தா, அந்த மூலையில ஒரு மிளகு" என்று காட்டுவான். கருகிய மோட்டார்களுக்குப் பதிலாக வேறு வரவழைத்தோம். ஒன்றை மாட்டி, அவன் சொன்னபடி பட்டாணி அளவு வெள்ளை கிரீஸ் வைத்தேன். அடுத்ததை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாட்டலாம் என்றான். அந்த முறை போனவன் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

அடக்கத்தன்று சபையின் சவ வண்டியில் பெட்டியை வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சசி அண்ணனும் ஒரு பக்கம் பிடித்திருந்தார். முன்சக்கரம் ஒன்று வழியெல்லாம் கிறீச், கிறீச் என்று கத்தியது. பாட்டையும் மீறிக் கேட்டது. மைனி என் தோளில் சாய்ந்து நடந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, கிரீஸ் ஒண்ணும் எடுத்துட்டு வந்துராத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை. இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். பாவம், தாங்க முடியாமல் அழுகிறார்கள் என்று போதகர் வந்து எங்கள் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவர் நினைத்ததும் தவறில்லை.

மைனி இதைக் குடும்பத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவள் வீட்டு முன் கேட் திறக்கும்போதெல்லாம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கிறீச்சிடுகிறது. கொஞ்சம் கிரீஸ் வைக்கக்கூடாதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மைனி என்னைக் கைகாட்டுவாள். நான் சுவரைப் பார்ப்பேன். கேட் அப்படியே கத்திக்கொண்டிருக்கிறது.