தராசண்ணை தேடிய மெல்லிய வெடி

வெடிச்சத்தத்தை ருசி பார்க்கத் தெரிந்த தமிழர் இந்த ஜெர்மனியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தராசண்ணை. அவரைப் போல் இன்னொருவர் வரப்போவதில்லை. வந்தாலும் மனைவி வீட்டில் சேர்க்கமாட்டார்.

எசன் நகரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும்தான் பாவித்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் தராசு. பிறந்தநாள் வீட்டில் கேக் துண்டைக்கூட நிறுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். "என்ர துண்டு பாரம் குறைவு" என்று மாற்றியும் எடுப்பார். ஆனால் அந்தத் தராசு கேக்குக்காக வாங்கியதல்ல. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுக்க வாங்கியது.

யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த மனிதர், ஐம்பது வயதில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்தார். சுடுவதற்கு ஒரு அனுமதி. சுட்ட வெற்றுக்கோதில் திரும்ப மருந்து நிரப்ப இன்னொரு வகுப்பு, சோதனை, இன்னொரு அனுமதி. எல்லாவற்றையும் எடுத்தார்.

"துவக்குக்குப் பயம் எண்டு சொல்லித்தான் இஞ்சை விசா எடுத்தனான். இப்ப அதே ஆக்களிட்டைத் துவக்கு வேணுமெண்டு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போடுறன். அந்தக் கந்தோர்ப் பெட்டை என்னைப் பார்த்த பார்வை இருக்கே!"

"ஏன் அண்ணை உங்களுக்கு இந்தத் தொல்லை?"

"ஊரிலை ஆரின்ரையோ கையிலை அது இருந்தது. நான் நிலத்திலை கிடந்தன். ஒருக்காவாவது அது என்ர சொல்லுக் கேக்கவேணும், தம்பி."

எனக்கும் தலை நரைத்துவிட்டது. அவருக்கு நான் தம்பிதான்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா எதிர்க்கட்சி. "சத்தம் வேண்டாம் எண்டுதானே இந்தக் குளிருக்கை வந்து விழுந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டு, கழகத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் இருந்தார்.

அண்ணைக்கு அங்கேதான் வலி. சுடும் இடத்துக்குப் பின்னால் தடித்த கண்ணாடி, அதற்குப் பின்னால் கோப்பிக் கூடம். சனிக்கிழமைகளில் மற்றவர்களின் மனைவிமார் அங்கே கேக் சாப்பிட்டபடி கை காட்டுவார்கள். அண்ணை தன் ஜாக்கெட்டை ஒரு கதிரையில் போட்டு இடம் பிடித்து வைப்பார். வருடக்கணக்காக அந்தக் கதிரையில் ஜாக்கெட் மட்டுமே இருந்தது.

ஆகவே அக்காவுக்குப் பயம் வராத வெடி ஒன்றைக் கண்டுபிடிப்பதென்று முடிவெடுத்தார். புகையில்லா மருந்துகளை ஒவ்வொன்றாக வாங்கினார். ஒன்று தவிடு மாதிரிச் செதில், ஒன்று கசகசா மாதிரி உருண்டை, ஒன்று நறுக்கிய ஈர்க்கு. மருந்து நிரப்பும் கைநூலில் போட்ட அளவை ஒரு மணிகூட மீறமாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்து சத்தத்தின் தரம் சொல்வது என் வேலை.

"சொல்லும், எப்பிடி?"

"டொம் எண்டுது அண்ணை."

"டொம்மோ, டும்மோ?"

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"உமக்குக் காது செத்துப்போச்சு."

நிதானமாக எரியும் மருந்துதான் மெதுவாக வெடிக்கும் என்று நம்பியிருந்தார். கடைசியில் அதுதான் கட்டடத்தை உலுப்பியது. "வேகமா எரியிறது குழலுக்குள்ளையே எரிஞ்சு முடிஞ்சிடும், தம்பி. மற்றது வெளியிலை வந்துதான் ஆட்டம் போடும். உம்மட அக்காவும் வேகக்காரிதான். டக்கெண்டு எரிவா, டக்கெண்டு அடங்குவா. இவ்வளவு நாளும் எனக்கு இது விளங்கேல்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து, கழகம் எல்லோருக்கும் கதவு திறக்கும் நாளில், கேக் இலவசம் என்று சொல்லி நாலு யாழ்ப்பாணத்தாரைச் சத்தம் சோதிக்கக் கூட்டிவந்தார். கோட்டும் டையுமாக வந்தார்கள். முதல் வெடிதான். நாலு பேரும் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, ஊரில் பழகியபடி. ஒருவர் மட்டும் கேக் தட்டைச் சரியாமல் உயர்த்திப் பிடித்திருந்தார். பல சனிக்கிழமை கேட்டுப் பழகிய நானும் அவர்களைப் பார்த்ததும் படுத்துவிட்டேன். கழகத் தலைவர் இதை எங்கள் வழிபாடு என்று நினைத்து, தலை குனிந்து மரியாதையாக நின்றார்.

அண்ணை விடவில்லை. வேகமாக எரியும் செதில் மருந்தில், கைநூல் சொன்ன மிகக் குறைந்த அளவில், கடைசியாக ஒரு வெடி கிடைத்தது. அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம்.

"வாறன். ஒரே ஒரு வெடி. நான் எழும்பி வந்தால், பிறகு இந்தக் கதையே எடுக்கக்கூடாது" என்றார் அக்கா.

சனிக்கிழமை வந்தது. அண்ணை ஜாக்கெட்டை எடுத்துவிட்டு, கைலேஞ்சியால் கதிரையைத் துடைத்தார். அக்கா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தார். பக்கத்தில் நான். கண்ணாடிக்கு அப்பால் அண்ணையின் முதுகு. அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் ஒருமுறை.

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். கதிரை வெறுமையாக இருந்தது.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். காதுக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, "போயிட்டாவோ?" என்று கேட்டார். நான் கீழே காட்டினேன். கோப்பி மேசைக்குக் கீழே, காதைப் பொத்தியபடி அக்கா குந்தியிருந்தார்.

"வெளியிலை வாரும். வீட்டை போவம். இனி இந்தக் கதை இல்லை" என்றார் அண்ணை. குரல் இறங்கிவிட்டது.

"ஆர் போறது? நான் எழும்பி வரேல்லையே. இஞ்சைதானே இருக்கிறன். நீங்கள் போய் மற்ற வெடியையும் அடியுங்கோ."

அண்ணை அடிக்கப் போகவில்லை. முழங்கால் ஏலாது என்று முனகியபடி அவரும் மேசைக்குக் கீழே போய்விட்டார். கழகத் தலைவர் இருவருக்கும் கோப்பியும் கேக்கும் அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். அண்ணை கேக்கை நிறுக்காமல் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேரப்பிள்ளை பிறந்ததும் இருவரும் லண்டனுக்கு மகளிடம் போய்விட்டார்கள். அங்கே கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். எல்லாவற்றையும் முறைப்படி ஒப்படைத்த அண்ணை, தராசை மட்டும் கொண்டுபோனார். "இஞ்சை கேக் பாரம் காணாது" என்று போனில் குறைப்படுகிறார்.

அவர்கள் போன பிறகு மூன்றாம் மாடி சத்தமில்லாமல் கிடக்கிறது. அந்தச் சத்தமின்மை எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமையில் சும்மா ஒரு கோப்பிக்கு அந்தக் கழகத்துக்குப் போகிறேன். என் ஜாக்கெட்டைப் பக்கத்துக் கதிரையில் போட்டு இடம் பிடித்துவிட்டு, மேசைக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்த பிறகுதான் உட்காருகிறேன்.