கிர்ர்... டக்

மாமனார் சிரிக்கத் தொடங்கியதும் அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது.

"கிர்ர்... டக்."

லிஃப்ட் பரிசோதகர் சோபாவிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார். "கேட்டுச்சா?"

"என்னது?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"டிஸ்க். அதுக்குக் கடைசிக் காலம் வந்துடுச்சு."

டிவியில் சிரித்துக்கொண்டிருந்த மாமனார் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகின்றன. அவர் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரு வீடியோவில்தான். பரிசோதகரின் கல்யாணத்துக்கு முந்தின நாள் எடுத்தது. "ஒரு குடை ரிப்பேர்காரன் டாக்டர்கிட்டப் போனானாம்" என்று ஒரு ஜோக்கைத் தொடங்குவார். பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுவார். சிரித்து ஓய்வதற்குள் வீடியோ முடிந்துவிடும். டாக்டர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த வீடியோவும் குடும்பத்தின் மற்ற படங்களும் ஹால் மூலையில் அலமாரி மேலிருந்த கறுப்புப் பெட்டிக்குள், ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தன. வீட்டு சர்வர் என்று பரிசோதகர் அதைப் பெருமையாகச் சொல்வார். கண்ணில் பட்ட லிஃப்டுக்கெல்லாம் ஒன்றுக்கு நாலு கயிறு இருக்கிறதா என்று பார்க்கிற மனிதர், தன் வீட்டில் எல்லாவற்றையும் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு மாமியாருக்காக அந்த வீடியோ ஓடும். மாமியார் அலமாரியை ஒட்டிக் கிடக்கும் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். சிரிப்பு வந்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார். தோள் லேசாகக் குலுங்கும். அதைப் பார்த்து மகளுக்கு அழுகை வரும். அவளைப் பார்த்து மருமகனுக்கும் வரும்.

"அது போயிடுச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்க," என்றாள் மனைவி, சமையலறைக்குள் அவரை இழுத்து. "புது டிஸ்க் வாங்கி உடனே காப்பி பண்ணிடுங்க."

"உடனேயா?" பரிசோதகர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மனுஷன் ஏறுறதுக்கு முன்னாடி மணல் மூட்டை ஏறணும்."

இது அவருடைய தொழில். புது லிஃப்டில் ஆள் ஏறுவதற்கு முன் மணல் மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழும் ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, பிறகுதான் கையெழுத்துப் போடுவார். வீட்டுக்கு வரும் குடத்துக்கும் இதே கதிதான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துத் தரையைத் தடவிப் பார்த்த பிறகுதான் அது குடம்.

"புது டிஸ்க்ல முதல்ல கண்டதையும் முழுக்க எழுதணும். எழுதினதைத் திரும்பப் படிக்கணும். ஒண்ணுகூடத் தப்பாம இருந்தாத்தான் உங்க அப்பா அதுல ஏறலாம்."

"அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"மூணு நாலு நாள்."

"அதுக்குள்ள பழசு போயிடுச்சுன்னா? என் லேப்டாப்லயாவது அப்பாவை மட்டும் போட்டு வைங்களேன்."

"உயிர் ஊசலாடுற டிஸ்க் இது. இன்னும் ஒரு ஓட்டம்தான் தாங்கும். அந்த ஓட்டம் உருப்படியான இடத்துக்குப் போகணும்."

மறுநாளே இரண்டு புது டிஸ்குகள் வந்தன. பெட்டியில் இருப்பது இரண்டே இடம். அதனால் பழையதைக் கழற்றித் துண்டில் சுற்றித் துணி அலமாரியில் வைத்துவிட்டு, புதியவற்றைப் பொருத்திச் சோதனையைத் தொடங்கினார்.

"இன்னைக்கு அவரு வரமாட்டாரா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார், ஆறு மணிக்கு.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க அத்தை."

"பரவாயில்லை. பழகின இடம். சும்மாவாவது உட்கார்ந்திருக்கேன்."

பரிசோதகர் ஹாலில் விளக்குப் போடக்கூட மனம் வராமல், பெட்டியின் மறுபக்கம் போய்க் குனிந்து காதை வைத்தார்.

"கிர்ர்... டக்."

புது டிஸ்கிலும் அதே சத்தம். பரிசோதகர் இரண்டையும் கழற்றி, வேலைப் பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து ஆளுக்கொன்றாகக் கட்டினார்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"சிவப்பு நாடா கட்டிட்டா யாரும் தொடக்கூடாதுன்னு அர்த்தம்."

கடைக்காரர் நாடா கட்டிய டிஸ்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தமா? எப்போ வருது?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"டிஸ்குக்கு மணி தெரியுமா சார்?"

"அந்நேரம்தான் தெருவே விளக்குப் போடுது. கரண்ட் இறங்குது. பலவீனம் வெளியில வருது," என்றார் பரிசோதகர். அவர் சொன்ன விதத்தில் கடைக்காரருக்கே தன் சரக்கின் மேல் சந்தேகம் வந்து, வேறு இரண்டு கொடுத்தனுப்பினார்.

இரண்டாவது ஜோடிக்கு ஏற்பாடுகள் பலமாயின. கரண்ட் இறங்கக்கூடாது என்று மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் தடை விழுந்தது. மனைவி கசங்கிய துணியோடு ஆபீசுக்குப் போனாள். ஒரு காலை அவள் திருட்டுத்தனமாக சட்டையின் ஒரே ஒரு கையை மட்டும் இஸ்திரி போட, ஃபியூஸ் போய், சோதனை முதலிலிருந்து தொடங்கியது. பரிசோதகர் வீட்டிலுள்ள சுவிட்சுகளின் மேலெல்லாம் டேப் ஒட்டினார். குளியலறை சுவிட்சையும் சேர்த்து ஒட்டிவிட்டதால் மனைவி மெழுகுவர்த்தியோடு குளித்தாள்.

டிஸ்க் சூடாகிறதோ என்று படுக்கையறை ஃபேன் ஹாலுக்கு வந்தது. அதிர்கிறதோ என்று அவருடைய தலையணை பெட்டிக்கு அடியில் போனது. தலையணையில்லாமல் படுத்ததில் அவர் கழுத்து சுளுக்கிக்கொண்டு இடப்பக்கமாகவே நின்றுவிட்டது. ஆபீசில் லிஃப்டைச் சோதிக்கப் போனவர், பக்கத்து லிஃப்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இதற்கு நடுவே இன்னொரு குழப்பம். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. இனிப்பு எதுவும் வீட்டுக்குள் வராமல் மகள் காவல் காக்கிறாள். அப்படியிருந்தும் அன்று காலை சர்க்கரை பார்க்கிற மீட்டரில் எண் எகிறி நின்றது.

"என்னம்மா சாப்பிட்டே?"

"நீ போட்ட ரெண்டு இட்லியைத்தான். அதுவும் உப்பில்லாம இருந்துச்சு," என்றார் மாமியார்.

"மீட்டரைச் சோதிக்கணும்," என்றார் பரிசோதகர் தலையைச் சாய்த்துக்கொண்டே. உடனே தன் விரலைக் குத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. மனைவியின் விரலைக் குத்தினார். சரியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தன் விரலை இன்னும் ரெண்டு தடவை குத்திக்கொண்டார். "நமக்கெல்லாம் சரியாக் காட்டுது. அத்தைக்கு மட்டும் தப்பாக் காட்டுது. ஆள் பார்த்து வேலை செய்யற மீட்டர்."

அன்று ஆறு மணிக்கு, ஃபேன் சுற்ற, தலையணை தாங்க, ஊரே மௌனமாக இருக்க, மறுபடியும் வந்தது.

"கிர்ர்... டக்."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக, மறுநாள் விடிந்ததும் அவர் இரண்டிலும் நாடாவைக் கட்டி, வீட்டில் சிவப்பு நாடாவோடு கண்ணில் பட்ட டிஸ்குகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பையை வாங்கி மேசைக்கடியில் வைத்தார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"சார், இதுதான் கடைசி ஜோடி. இதுலயும் சத்தம் வந்தா, நான் கடையை மூடிட்டு லிஃப்ட் ஓட்டப் போயிடறேன்."

சாயங்காலம் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கசங்கிய சட்டையோடு, டேப் ஒட்டிய சுவிட்சுக்குக் கீழே, இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் பரிசோதகருக்கு என்னவோ போலாகிவிட்டது.

"சரி. சோதனை வேண்டாம்," என்றார். "இப்பவே காப்பி பண்ணிடலாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சோதிக்காமல் ஒத்துக்கொண்ட முதல் காரியம் அது. அவள் சந்தோஷமாக எழுந்துபோய்த் துணி அலமாரியைத் திறந்தாள். துண்டு இருந்தது. துண்டுக்குள் ஒன்றுமில்லை.

"என்னங்க, அப்பா எங்க?"

"துண்டுக்குள்ளதானே வச்சேன்."

"நானும் பார்த்தேனே. யாராவது தெரியாம எடுத்துடப்போறாங்கன்னு சிவப்பு நாடாகூடக் கட்டி, நுனி வெளியில தெரியறமாதிரி வச்சேன்."

பரிசோதகரின் கழுத்து, இத்தனை நாள் அசையாத கழுத்து, தானாக நேரானது. "நாடா கட்டினியா?"

"நீங்கதானே சொன்னீங்க, சிவப்பு நாடா கட்டிட்டா யாரும் தொடக்கூடாதுன்னு."

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்துவிட்டது. திரும்பி வரும் டிஸ்குகளைச் சுத்தமாகத் துடைத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவது அந்தக் கடையின் வழக்கம். இருவரும் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. பரிசோதகர் ஷட்டரைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், கடைசியில் அதில் தலையை முட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றாள் மனைவி.

திரும்பி வந்தபோது ஆறு மணி. மாமியார் அலமாரிக்குப் பக்கத்தில், தன் நாற்காலியில், கைக்குட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்காவது அவரு பேசுவாரா மாப்பிள்ளை?"

பரிசோதகர் காலிப் பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனதார வருத்தப்படுகிறவனுக்கு வெட்கம் இருக்காது என்பார்கள். அவர் விளக்கை அணைத்தார். டிவிக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

"ஒரு குடை ரிப்பேர்காரன்," என்று மாமனாரின் குரலில் தொடங்கினார், "டாக்டர்கிட்டப் போனானாம்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பரிசோதகர் கண்ணை மூடிக்கொண்டு, மாமனார் சிரித்த மாதிரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"கிர்ர்... டக்."

பரிசோதகர் கண்ணைத் திறந்தார். பெட்டிக்குள் டிஸ்க் இல்லை. பெட்டியின் வயர் சுவரில் செருகப்படவே இல்லை, தரையில் சுருண்டு கிடந்தது.

"கேட்டுச்சா?" என்றார் மெதுவாக.

"கேட்டுச்சு," என்றாள் மனைவி, அதைவிட மெதுவாக. "அப்பாதான் கோபமா இருக்காரோ?"

வாசல் மணி அடித்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

கதவைத் திறந்தால் கடைக்காரர். கையில் சிவப்பு நாடாவோடு பழைய டிஸ்க்.

"துடைக்கறதுக்கு முன்னாடி யாருதுன்னு ஒரு பார்வை பார்த்துடுவேன் சார். உங்களுக்கு மணல் மூட்டை மாதிரி எனக்கு அது. திறந்தா ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிக்கறாரு. பில்லுல உங்க விலாசம் இருந்துச்சு. கடையைப் பூட்டிட்டு வண்டியை எடுத்துட்டேன்."

பரிசோதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. மனைவிதான் அவருக்கு நாற்காலி போட்டாள், டேப்பைக் கிழித்து ஃபேன் போட்டாள், மிக்ஸியைக்கூட ஒரு தடவை சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் கடைக்காரர். "கடையில வச்சு நல்லா ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை."

"இங்க டிஸ்க் இல்லாமலே வருது," என்றார் பரிசோதகர் ரகசியமாக. பிறகு ஞாபகம் வந்தவராக மீட்டரை எடுத்து அவர் கையில் வைத்தார். "மெஷின் தெரிஞ்சவர் நீங்க. இதையும் கொஞ்சம் பாருங்க. அத்தைக்கு மட்டும் தப்பாக் காட்டுது."

"நான் கம்ப்யூட்டர் விக்கறவன் சார்," என்றபடி கடைக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முதல்ல காப்பி பண்ணுங்க. அப்புறம் ஓட்டுங்க, அந்தச் சத்தத்தை நானும் கேட்கறேன்."

பழைய டிஸ்கும் புது டிஸ்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. மாமனார் முதலில் பத்திரமாக ஏறினார். பிறகு விளக்கு அணைந்தது. டிவியில் வெளிச்சம் வந்தது. குடை ரிப்பேர்காரன் டாக்டரிடம் போனான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"கிர்ர்... டக்."

பரிசோதகர் பெட்டியைப் பார்த்தார். மனைவி பெட்டியைப் பார்த்தாள். கடைக்காரர் மட்டும் எழுந்துபோய், மாமியாரின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டார். மாமியார் வாயைப் பொத்தியிருந்த கைக்குட்டையை எடுக்காமல், உத்தரத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் கையோடு வந்தது, திருகுமூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடி. அதில் பாதிக்குச் சர்க்கரை தூவிய பிஸ்கட். அவர் மூடியைத் திருகினார். கிர்ர். ஒன்றை எடுத்து உடைத்தார். டக். பாதியை வாயில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த மீட்டரை எடுத்துப் பரிசோதகரிடம் நீட்டினார்.

"டிஸ்க் நல்லாத்தான் சார் இருக்கு. மீட்டரும் நல்லாத்தான் இருக்கு."