ரப்பர் பாலோடு போன புருவங்கள்

கண்ணாடியை நம்பலாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுகிற அத்தையைத்தான் நம்பக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள நான் இரண்டு புருவங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இலங்கையில், எஹலியகொடவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அப்போது நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் பஞ்சகாலம். பருப்பைக் கண்ணால் காண்பதே அபூர்வம். அந்தப் பருப்பை எங்கெங்கோ சொல்லிவைத்து வாங்கி அம்மா வடை சுட்டாள். கொடகவெலயிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு, "பொண்ணு நெறம் காணாது" என்று சொல்லியனுப்பினார்கள். (வடையின் நிறத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை!) அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மூக்கும் முழியும் என்னா அழகு... கொஞ்சம் நெறம் மட்டும் இருந்திருந்தா" என்று பெருமூச்சு விடத் தொடங்கினாள்.

அடுத்து வரவிருந்தவர் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் போடுகிறவர். அவரைத் திருவிழாவில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, மனதுக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன். அவரும் நிறம் காணாது என்று எழுந்து போய்விட்டால்? நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பால் வெட்டும்போது கையில் பட்ட பால் காய்ந்த பிறகு உரித்தால், அழுக்கெல்லாம் அதோடு வந்து அடியில் தோல் பளிச்சென்று இருக்கும். கைக்கு ஆகிறது முகத்துக்கு ஆகாதா? அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டிய பாலில் ஒரு சிரட்டையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்து, நெற்றி முதல் தாடை வரை தாராளமாகப் பூசிக்கொண்டேன்.

கன்னத்துப் பால் சுமாராக உரிந்தது. புருவத்துப் பால் அசையவில்லை. இழுத்தால் உயிர் போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, "ஐயோ, என்னாடி இது கோலம்!" என்று தேங்காய் எண்ணெயைத் தேடினாள். அத்தைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "மெதுவா எடுத்தாதான் வலிக்கும்" என்றபடி வெடுக்கென்று இழுத்தாள். பால் வந்தது. புருவங்களும் வந்தன. அத்தை அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி முதல்முறையாகப் பெருமூச்சு விட மறந்து நின்றாள்.

முகம் வெள்ளையாகவில்லை. வீங்கித்தான் போயிருந்தது. அழுதேன். நேரம் இல்லாததால் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கண் மையால் புருவம் வரைந்துகொண்டு தேத்தண்ணித் தட்டோடு போய் நின்றேன். தேத்தண்ணி ஆவியும் என் வேர்வையும் சேர்ந்ததில் புருவங்கள் மெல்ல இறங்கிக் கன்னத்துக்கு வந்தன.

"மொகத்துல என்னாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"தலவலிங்க. பத்துப் போட்டிருந்தா" என்று அத்தை முந்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை என் காதோரத்தையே பார்த்தார். "பத்து இல்லம்மா. ரப்பர் பாலு. காதுகிட்ட இன்னும் தொங்குது."

பூமி பிளந்திருந்தால் தட்டோடு இறங்கியிருப்பேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எதுக்கு புள்ள பாலப் பூசுன?" என்று கேட்டார். "வெள்ளையா... வரணும்னு" என்று உளறினேன். அவர் தம் மகனைப் பார்த்தார், கூட வந்திருந்த மகளைப் பார்த்தார், தம் கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எங்க வீட்டுல உள்ளதுக்கெல்லாம் நீதான் புள்ள நெறம்! இன்னும் வெள்ளையாகிட்டியன்னா எங்கள எல்லாம் எங்க போய் நிக்கச் சொல்லுற?"

அப்போதுதான் அவர்களை நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் நல்ல கறுப்பு, எல்லோரும் நல்ல களை. மாப்பிள்ளை வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு புருவம் இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

தை மாதமே கல்யாணம். அதற்குள் புருவம் முளைத்துவிடும் என்று பார்த்தால், அது அசைவதாக இல்லை. எஹலியகொட ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தபோது, படத்தில் பென்சிலால் புருவம் போட்டுத் தரும்படி முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அந்த நல்ல மனிதர் புருவம் போட்டதோடு, நான் கேட்காமலே என் முகத்தையும் வெள்ளையாக்கித் தந்தார். "லஸ்ஸனய் நேத?" (அழகா இருக்குல்ல?) என்று சிங்களத்தில் பெருமை வேறு.

அழகாகத்தான் இருந்தது. வில்லாக இரண்டு புருவம், பால் மாதிரி முகம். ஆனால் என் புருஷனை ஒட்டி நிற்கிற இந்த வெள்ளைக்காரி யார்? எனக்கு வயிறு எரிந்தது. "மே மம நெவெய்" (இது நான் இல்ல) என்று படத்தைத் திருப்பித் தள்ளினேன். "எனக்கு என் மொகத்தக் குடுங்க. புருவம் இல்லாட்டியும் பரவாயில்ல."

அப்படி மறுபடி போட்டுத் தந்த படம்தான் இன்றும் எங்கள் சுவரில் தொங்குகிறது. புருவமே இல்லாமல், நல்ல கறுப்பாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான். வருகிறவர்கள் எல்லோரும் கதை கேட்கிறார்கள். வீட்டுக்காரர் சலிக்காமல் சொல்கிறார்.

எங்கள் மகள் பெரியவளாகி, முகம் வெளுக்க ஏதோ கிரீம் வாங்கிவந்து கண்ணாடி முன் உட்கார்ந்தபோது நான் திட்ட வாயெடுத்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு மகளிடம் சொன்னார்:

"பூசும்மா, பூசு. மொதல்ல புருவத்தக் கழட்டிப் பத்திரமா வச்சிட்டுப் பூசு."