பழைய நிலைக்குத் திரும்பு

உத்தமனின் கட்டைவிரலை லேப்டாப் ஏற்க மறுத்தது.

லுங்கியில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தான். 'உங்களை அடையாளம் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

"இத்தனை வருஷமா மாடு மாதிரி உழைக்கிறேன். இன்னிக்கு நான் யாருன்னு தெரியலையாம்!" என்றான் சமையலறைப் பக்கம் திரும்பி.

"இட்லி தொட்ட கையா இருக்கும். சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றாள் அவன் மனைவி அம்புஜம், உள்ளே இருந்தபடியே.

முதல் நாள் சாயங்காலமே கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. இன்றிரவு எல்லோருடைய லேப்டாப்பிலும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் போய்ப் புதியது வந்துவிடும், சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று. அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்துதான் உத்தமனுக்குப் பயம்.

விரலை விட்டுவிட்டுப் பணியாளர் எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்தான். 'வணக்கம், உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம்' என்று நீலத் திரையில் கொஞ்ச நேரம் குழைந்தது. பிறகு திரை தெளிந்தது.

உத்தமன் திரையை இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான்.

திரையில் ஒன்றுமே இல்லை. குப்பைத்தொட்டி மட்டும் மூலையில் நின்றது. அவன் மகள் சிந்து மெரினாவில் குதிரைமேல் உட்கார்ந்திருந்த படம் போன இடம் தெரியவில்லை. படம் போனால் போகட்டும். ஒரு மாதமாகக் கண் விழித்துச் செய்த பிரசன்டேஷன் எங்கே?

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றுக்கு அன்று மதியம் மூன்று மணிக்கு அதைக் காட்ட வேண்டும். முதல் பாதி உத்தமனுடையது. இரண்டாம் பாதி, ஆபீஸ் கேபில் அவனோடு வீடு திரும்பும் ரிச்சர்ட்ஸ் டவுன் பார்கவியுடையது. அந்த வேலை கிடைக்காவிட்டால் இவர்கள் டீமையே கலைத்துவிடுவதாக மேலிடத்தில் பேச்சு.

ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டான்.

"ஹேளி சார், நான் முகேஷ்" என்றது கன்னடம் கலந்த, தூக்கக் கலக்கமான ஒரு குரல்.

"முகேஷ், என் ஃபைல் எல்லாம் காணோம்ப்பா! துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"அப்கிரேடு சார். முதல்ல அப்படித்தான் பயமுறுத்தும். அப்புறம் பழைய ஃபைலெல்லாம் தானா வந்து உக்காரும். சர்வர்ல ஒரு காப்பி வெச்சிருக்கீங்கல்ல?"

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொருளை வைப்பது உத்தமன் பரம்பரையிலேயே கிடையாது. "இல்லையே."

"இருக்கட்டும். ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

பண்ணினான். இப்போது குப்பைத்தொட்டி மூலையிலிருந்து நடுவுக்கு வந்திருந்தது. கூடவே ஒரு மஞ்சள் முக்கோணம். 'இடம் போதவில்லை.'

அதே நேரம் போன் அலறியது. பார்கவி.

"உத்தமன் சார், உங்களுது ஒழுங்கா இருக்கா? என்னுது நாசமாப் போச்சு! ஒரு ஃபைல் இல்லை!"

"உங்களுதுமா?" என்றான் உத்தமன். அதிர்ச்சிக்கு நடுவிலும் அடிவயிற்றில் ஒரு சின்ன நிம்மதி பரவியதை அவனால் மறைக்க முடியவில்லை. "பதறாதீங்க பார்கவி. எல்லாருக்கும் இதே கதைதான். அதெல்லாம் தானா வந்து உக்காருமாம். நான் முகேஷைப் புடிச்சு வழி கேட்டுட்டு உங்களுக்கும் சொல்றேன்."

முகேஷ் இந்த முறை முழுதாக விழித்திருந்தான். "இடம் போதலையா? உள்ள போய்ப் பாருங்க சார். பழைய சிஸ்டத்தோட மிச்சம் ஏதாச்சும் பெருசா அடைச்சுக்கிட்டு கெடக்கும்."

பார்த்தான். ஆமாம், பூதம் மாதிரி ஒரு ஃபோல்டர். பெயர் இல்லை, வெறும் எண்.

"என்னமோ நம்பர் போட்டிருக்கு முகேஷ்."

"உங்க பணியாளர் நம்பரா?"

"இல்லையே."

"உங்க நம்பர் இல்லைன்னா உங்களுக்கு எதுக்கு சார் அது?"

நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் திறந்து பார்க்க ஆசைப்பட்டான். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது லேப்டாப். சொந்த வீட்டு அலமாரியைத் திறக்க அனுமதி இல்லையா? உத்தமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முகேஷிடம் ஒரு தற்காலிக பாஸ்வேர்டை வாங்கி அடித்து, ஃபோல்டரை அடியோடு அழித்தான்.

மஞ்சள் முக்கோணம் மறைந்தது. லேப்டாப் மான்குட்டி மாதிரி துள்ள ஆரம்பித்தது. உத்தமனுக்குப் பிடிபடாத பெருமை. பார்கவியைக் கூப்பிட்டு, அவள் எதிர்முனையில் உள்ளே போகப் போக, அந்தப் பாஸ்வேர்டையும் சேர்த்து ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்தான்.

"இருக்கு சார், ஒரு பெரிய ஃபோல்டர். ஏதோ நம்பர். நாலு, ஏழு..."

"அதையெல்லாம் படிச்சு நேரத்தைக் கெடுக்காதீங்க. உங்க நம்பரா?"

"இல்லை. ஆனா சார், வேற யாரோடதாவது இருந்துட்டா?"

"உங்க லேப்டாப்ல வேற யாரோடது வந்து உக்காரும்? நல்லா கேட்டீங்க போங்க! கண்ணை மூடிட்டு அமுக்குங்க."

"பாவமா இருக்கு சார், எவ்வளவு பெருசு!"

"குப்பைக்கெல்லாம் பாவம் பாத்தா குடித்தனம் பண்ண முடியுமா? அமுக்குங்கம்மா!"

அவள் அமுக்கினாள். "போயிடுச்சு சார். அடேயப்பா, என்ன ஸ்பீடு!"

இருவரும் ஃபைல்கள் வந்து உட்காருவதற்காகக் காத்திருந்தார்கள். ஒன்றும் வந்து உட்காரவில்லை. தெருவில் இன்ஃபன்ட் ஜீசஸ் கோயிலுக்குப் போகிற ஆட்டோக்களின் இரைச்சல் மட்டும் வந்தது.

மதியச் சாப்பாட்டை உத்தமன் நின்றுகொண்டே விழுங்கினான். முகேஷின் லைன் கிடைக்கவில்லை. ஊரே அவனைக் கூப்பிடுகிறது போல. இனி அவனை நம்பிப் பயனில்லை என்று தானே துழாவியபோதுதான் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது.

'பழைய நிலைக்குத் திரும்பு.'

உத்தமன் கும்பிடாத குறைதான். இதைத்தானே காலையிலிருந்து தேடுகிறோம்! புதுசும் வேண்டாம், புடலங்காயும் வேண்டாம், நேற்று சாயங்காலம் எப்படி இருந்ததோ அப்படிக் கொடு போதும். அமுக்கினான். 'நிச்சயமாகவா?' என்றது. நிச்சயமாக. 'இதை மறுபடி மாற்ற முடியாது.' மாற்ற வேண்டாம் தாயே, அமுக்கினான்.

பார்கவிக்கும் சொன்னான். அவளும் அமுக்கினாள்.

அப்போதுதான் முகேஷின் லைன் கிடைத்தது.

"முகேஷ், உன் தயவே இல்லாம நானே சரி பண்ணிட்டேன். பழைய நிலைக்குத் திரும்புன்னு ஒன்னு இருந்துச்சு, போட்டுவிட்டேன்."

"சார்... அய்யோ தேவரே... பழைய நிலைன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"நேத்து நிலை."

"இல்ல சார். ஃபேக்டரியில இருந்து வந்த நிலை. உள்ள ஒரு துரும்பு மிஞ்சாது."

உத்தமன் அப்படியே நாற்காலியில் சரிந்தான். லேப்டாப் அதைப் பற்றிக் கவலைப்படாமல், பெட்டியிலிருந்து அன்றுதான் பிரித்தது போல, 'வருக! நீங்கள் எந்த நாடு?' என்று கேட்டது. அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தட்டினான். அடுத்த நொடி திரையெங்கும் கொரிய எழுத்துகள். அதற்குப் பிறகு அது கேட்ட கேள்விக்கெல்லாம் உத்தமன் குருட்டாம்போக்கில் தலையாட்டிக்கொண்டே போனான்.

மூன்று மணி நெருங்கியது. பார்கவியைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"என் பாதி போச்சு சார்! ஒரு எழுத்து இல்லை!"

"என் பாதியும்தான். அழாதீங்க. இது நம்ம தப்பா? நாம என்ன பண்ணோம்? ஒழுங்கா ஓடிட்டிருந்ததை ராத்திரியோட ராத்திரியா மாத்தினது யாரு? சிங்கப்பூர்காரங்ககிட்ட நேராவே சொல்லிடலாம். எங்க கம்பெனி அப்கிரேடு எங்க ஃபைலை முழுங்கிடுச்சுன்னு. அவங்க ஊர்லயும் கம்ப்யூட்டர் இருக்குல்ல, புரிஞ்சுப்பாங்க."

பார்கவி மூக்கை உறிஞ்சினாள். "கரெக்ட் சார். நம்ம மேல என்ன தப்பு?"

அந்தச் சமயத்தில் முகேஷிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. உத்தமன் உரக்கவே படித்தான். "சார், இப்பத்தான் விசாரிச்சேன். நேத்து ராத்திரி அப்கிரேடு நடக்கவே இல்லை. சர்வர் மக்கர் பண்ணி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டுட்டாங்க."

உத்தமன் திரையைப் பார்த்தான். திரை கொரிய மொழியில் அவனைப் பார்த்தது.

"நடக்கவே இல்லைன்னா..." என்றாள் பார்கவி ஸ்பீக்கரில். "அப்ப காலையில என் ஃபைலெல்லாம் எங்க சார் போச்சு? என் விரலை ஏன் ஏத்துக்கல?"

அந்த நேரம் பார்த்து அம்புஜம் சமையலறையிலிருந்து, கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த கறுப்பு நிற லேப்டாப் பையைத் தூக்கிப் பிடித்தபடி உத்தமன் எதிரே வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"ஏங்க, டிபன் பாக்ஸைக் கழுவலாம்னு உங்க பையைத் தொறந்தா, உள்ள லிப்ஸ்டிக்கு, ஹேர் கிளிப்பு, பார்கவின்னு பேர் போட்ட ஐடி கார்டு... நேத்து கேப்ல யாரோட பையைத் தூக்கிட்டு வந்தீங்க?"