வெளுத்துப்போன வாச்சே

கானா நாட்டின் அக்ராவில் ஒரு ஹோட்டலில் சூப்பர்வைசராக இருந்த சுமைலா, மனைவியின் வியாபாரத்தைச் சீர்திருத்தியே தீருவதென்று முடிவு கட்டினான். 'வீண் வேலையை ஒழி, எதையும் குப்பையில் கொட்டாதே' என்று ஹோட்டலில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதை எங்கேயாவது செய்து காட்டினால் மேம்பாட்டு அதிகாரி பதவி உனக்குத்தான் என்று மேனேஜர் அம்மாள் சொல்லியிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் மனைவி ரக்கியாவின் வாச்சே கடைதான், அதாவது பயறுச்சோற்றுக் கடைதான், இருந்தது.

விடிந்ததும் விடியாததுமாக அடுப்படியில் போய் நின்றான். தட்டைப்பயறு கொதிக்கும் அண்டாவில் ரக்கியா காய்ந்த சோளத் தோகையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து அரிசி போட வேண்டியதுதான்.

"இந்தத் தோகைய யாராவது திம்பாங்களா?"

"மாட்டாங்க. வெந்ததும் எடுத்துடுவேன்."

"அப்போ வாங்குறது, கழுவுறது, போடுறது, எடுக்குறது எல்லாம் வீண் வேலைதானே?"

"அதப் போட்டாதாங்க..."

"பயிற்சி எடுத்தது நானா, நீயா?"

ரக்கியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான். நாளைக்குப் போடல. உங்க மேனேஜரம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே சுமைலா உஷாராகியிருக்க வேண்டும். பாவம், பதவி கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் அம்மாள் வந்து இறங்கினாள். சுமைலா பெருமையாக அண்டாவைத் திறந்தான். சிவந்த வாச்சே இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று என்னவோ இருந்தது.

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற டாக்ஸிக்காரன் க்வாபெனா எட்டிப் பார்த்தான். "என்னக்கா, சோத்துக்கு ஒடம்பு சரியில்லையா? ரத்தமே இல்லையே!"

"அண்ணனக் கேளுப்பா. அவர்தான் வைத்தியம் பாத்தாரு."

வரிசை கலையத் தொடங்கியது. பதவி போனால் போகட்டும், இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று சுமைலா உண்மையாகவே நொந்துபோனான்.

"தப்புப் பண்ணிட்டேன், ரக்கியா."

"பண்ணுவீங்கன்னு தெரியும்" என்றவள், கடைக்குப் பின்னாலிருந்து இன்னொரு அண்டாவை இழுத்து வந்தாள். மூடியைத் தூக்கினாள். தோகை போட்டுச் செக்கச் சிவந்த வாச்சே கமகமத்தது. போன வரிசை திரும்பி வந்தது. மேனேஜர் அம்மாள் முட்டை வைத்து இரண்டாவது தட்டும் வாங்கிவிட்டாள். வெந்ததும் எடுத்த தோகையை ஓரத்தில் கட்டியிருந்த ஆடு சுகமாக மென்றுகொண்டிருந்தது.

"உன் கடையில எதுவுமே வீணாகல போலிருக்கே! அடுத்த பயிற்சிக்கு நீயே வந்து பேசும்மா" என்றாள் மேனேஜர் அம்மாள். சுமைலாவின் பதவியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

கடை மூடியபின் வெள்ளை அண்டா மட்டும் அப்படியே மிஞ்சியது. சுமைலா மெதுவாகக் கேட்டான்.

"இத ஆட்டுக்கு வச்சுடலாமா?"

"வச்சுப் பாத்தேன். மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு." ரக்கியா அவன் முன்னால் தட்டை வைத்தாள். "குப்பையில கொட்டக் கூடாதுன்னு உங்களுக்குத்தானே பயிற்சி குடுத்திருக்காங்க? சாப்பிடுங்க."