ஒட்டகத்தின் மேல் அத்தை

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு நினைவுக் கூட்டம். மண்டபம் பேசியாயிற்று, நாற்காலிக்குச் சொல்லியாயிற்று, மேடையில் பேசப் போகிற உறவினர்கள் தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொண்டும் ஆயிற்று. மேடையில் வைக்க அத்தையின் படம்தான் இல்லை.

பூகோள வாத்தியார் வீட்டிலிருந்த ஆல்பங்களை மறுபடியும் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். உலக வரைபடத்தில் எந்த ஊரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு குச்சியை வைப்பவர் அவர். நேரில் பார்த்த தூர தேசம் மாமனார் வீடு.

"உங்க கல்யாண ஆல்பத்துலகூட அத்தை இல்லையேப்பா."

"எப்படி இருப்பா? எல்லாரையும் வரிசையா நிக்க வைப்பா. அவ மட்டும் ஒரு இடத்துல நிக்க மாட்டா," என்றார் அப்பா.

வாத்தியார் அரை டிரவுசரில் திரிந்த காலத்தில், டெலிபோன் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு உலகம் பார்க்கக் கிளம்பியவள் அத்தை. "போறதுன்னா போ, திரும்ப இந்த வாசப்படி ஏறாதே" என்று அப்பா கத்தினார். அவளும் அண்ணன் பேச்சைக் கேட்டாள், வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவை. போன மாதம் ஏதோ ஒரு துறைமுக ஊரில் கண்ணை மூடினாள். அடக்கமும் அங்கேயே நடந்துவிட்டது.

"அவ முகத்த ஒரு தடவை பாக்கணும்டா. பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் அப்பா. புரை விழுந்த கண்கள் கலங்கின.

நல்லவேளையாக வெள்ளிக்கிழமை அத்தையின் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே கட்டுக் கட்டாகப் போட்டோ. பனிமலையில், கப்பல் தளத்தில், ஒட்டகத்தின் மேல், எல்லாவற்றிலும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரே அம்மாள். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியை அனுப்பியவரின் நம்பருக்கு, கூட்டத்துக்கு வரச் சொல்லி மரியாதைக்கு ஒரு மெசேஜும் தட்டிவிட்டார்.

"இது அத்தைதானா?" என்று கேட்டாள் மனைவி.

"பின்ன? இந்த வயசுல ஒட்டகத்து மேல வேற யாரு ஏறுவா?"

அப்பா படத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பார்வை மங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"அவளேதான். அப்படியே எங்க அம்மா மூக்கு."

ஸ்டூடியோக்காரர் ஒட்டகப் படத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கம்ப்யூட்டரில் அழித்தார். அந்த இடத்தில் கண் இல்லை.

"யாரோட கண்ண வைக்கட்டும் சார்?"

கூடப்பிறந்தவர் கண்தானே பொருத்தம் என்று அப்பாவைக் கூட்டிப்போனார் வாத்தியார். சிமிட்டாமல் பார்க்கச் சொன்னதில் அப்பா முறைத்துவிட, அத்தையும் முறைத்தாள். தொப்பியை எடுத்தால் தலை வழுக்கை. வாத்தியார் மனைவியின் கொண்டை வந்து ஏறியது.

"எனக்கு இருக்கிறதவிட அத்தைக்குத்தான் எடுப்பா இருக்கு," என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள் அவள்.

"எல்லாம் சரி சார். ஒட்டகத்தோட காது மட்டும் தோள் மேல கொஞ்சம் தெரியுது," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அந்த இடத்துல ஒரு ரோஜாவ வெச்சிருங்க."

கூட்டத்தில் எல்லோரும் படத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்கள். அத்தையைப் பார்த்து நாற்பது வருஷம் ஆனவர்கள்தான் அதிகம் உறிஞ்சினார்கள்.

"பெரியவங்கள எதிர்த்து ஒரு வார்த்த பேசினதில்ல," என்றார் மேடையேறிய சித்தப்பா. "படத்தப் பாருங்க. அப்படியே உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு."

அப்பா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனார். படத்தின் கன்னத்தைத் தடவினார்.

"மன்னிச்சிரும்மா. வாசப்படி ஏறாதேன்னு கோவத்துல சொல்லிட்டேன். மறுநாளே கூப்பிட்டிருக்கணும். வறட்டு கௌரவம், கூப்பிடல. நாற்பது வருஷமா வாசல்ல சத்தம் கேட்டா நீதானோன்னு எட்டிப் பாக்கறேன்."

அப்பா அழுது வாத்தியார் பார்த்ததே இல்லை. அவருக்கும் தாங்கவில்லை. ஒட்டகக் காதை மறந்து அவரும் தேம்பினார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்தார். பெட்டியை அனுப்பியது தாம்தான் என்றும், அத்தையோடு எல்லா ஊருக்கும் துணையாகப் போனதும் தாமே என்றும் வாத்தியாரிடம் மெதுவாகச் சொன்னார். படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒட்டகத்து மேல ஏறின நான் உயிரோடதான் இருக்கேன் அண்ணா. போட்டோ எடுத்தவதான் போயிட்டா."