மூத்த டிஸ்கின் கோபம்

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! மாடிப்படியெல்லாம் ஆட்கள், கையில் கம்ப்யூட்டர் பெட்டியோடு. சும்மா ஆட்களா? வக்கீல், கல்லூரி ஆசிரியை, மருந்துக்கடைக்காரர் என்று எல்லாரும் படித்தவர்கள். மேலே நீலத் திரைக்குப் பின்னால், கம்ப்யூட்டரின் கோபத்தைத் தணிக்கும் குரு அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நம் தம்பியும் பயபக்தியோடு நின்றான். பின்னால் அவன் அக்கா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

அக்கா வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். இடம் போதவில்லை என்று போன மாதம் புது டிஸ்க் ஒன்று வாங்கினாள். "வெளியாள் எதுக்கு? நானே மாட்டித் தரேன்" என்று மார்தட்டினான் தம்பி. மாட்டினதோடு விட்டானா? பழைய டிஸ்கின் ஓரத்தில், பெயர்கூட இல்லாமல் சின்னதாக ஒரு பகுதி இருந்தது. 'இது எதுக்குத் தண்டத்துக்கு?' என்று அழித்துவிட்டான். எங்கிருந்து கிளம்புவது என்று கம்ப்யூட்டருக்கு வழிசொல்லும் பகுதியே அதுதான்! அடுத்த தடவை பட்டனை அழுத்தினால் வெறும் கறுப்புத் திரை. அழித்ததைப் பற்றி அக்காவிடம் அவன் மூச்சுவிடவில்லை.

அன்றைக்கே இந்தக் குருவிடம் ஓடினான். குரு கண்ணை மூடி டிஸ்கைத் தடவினார்.

"பழசுக்குப் பக்கத்துலயே புதுசைக் கொண்டுவந்து வெச்சிருக்கீங்க. மூத்தவளுக்குக் கோபம் வராதா?"

தம்பிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. தப்பு தன்மேல் இல்லை, டிஸ்க்மேல்! இப்படிச் சொல்கிறவரை யார்தான் கும்பிட மாட்டார்கள்?

திரைக்குப் பின்னால் மணி அடித்தது. செம்புக்கம்பி சுற்றிய ஒரு பென் டிரைவோடு குரு வந்தார். "இது தாயத்து. உங்க கம்ப்யூட்டருக்குன்னே உருவேத்தினது. எப்பவும் சொருகியே இருக்கணும். மாசாமாசம் வந்து, கட்டணம் கட்டிச் சக்தி ஏத்திக்கணும். அடுத்தவங்களோடதைப் போட்டுடாதீங்க, பெட்டி கருகிடும்."

கம்ப்யூட்டர் கிளம்பியது. தம்பி ஊரெல்லாம் புகழ்பாடினான். சிநேகிதர்களிடம் காட்டத் தாயத்தைச் சட்டைப் பையில் எடுத்துப் போனான். இன்று காலை அந்தச் சட்டையோடு அதுவும் துவைபட்டுப் பாழானது. மறுபடி கறுப்புத் திரை.

இன்று பார்த்தா? சாயந்திரத்துக்குள் ஒரு புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பதிப்பகத்தார் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு வருஷம் முழுக்க வேலை தருவது அந்த ஒரே இடம்தான்.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. "மூத்தவளைச் சமாதானப்படுத்த மூணு நாளாகும்" என்றார் குரு.

"மூணு நாளா? எனக்கு மூணு மணி நேரம்கூட இல்லைங்க."

"அவசரப்பட்டா இன்னும் முறுக்கிக்குவா."

அக்கா திரும்பினாள். சக்தி ஏற்ற வந்திருந்த மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, உங்க தாயத்தைக் கொஞ்சம் குடுங்க."

"ஐயோ, கருகிடுமாமே!"

"கருகினா என் பெட்டிதானே?"

குருவின் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் திரையிலேயே பெட்டியை மாட்டினாள், தாயத்தைச் சொருகினாள், பட்டனை அழுத்தினாள். தம்பி காதைப் பொத்திக்கொண்டான். புகையும் இல்லை, கருகலும் இல்லை. கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கிளம்பியது. வக்கீலின் தாயத்தைப் போட்டாள், கிளம்பியது. ஆசிரியையின் தாயத்துக்கும் கிளம்பியது. மூத்தவளுக்கு யார் வந்து கூப்பிட்டாலும் சரிதான் போலிருக்கிறது!

அக்கா தாயத்துகளைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே ஃபைல்தான், கம்ப்யூட்டரைக் கிளப்புவது.

"ஏங்க, இதை டிஸ்க்லயே எழுதிட்டா தாயத்தே வேண்டாமே?"

குரு தலையைச் சொறிந்தார். "எழுதலாம்தான்... எழுதிட்டா யாரும் திரும்பி வர மாட்டீங்களே."

கூட்டத்தில் எல்லாரும் அவரவர் தாயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"எழுதுங்க. திரையைத் திறந்து வெச்சுட்டு, எல்லார் முன்னாடியும்."

எழுதினார். மணி அடிக்கவில்லை. தாயத்தைப் பிடுங்கிவிட்டு அழுத்தியதும் கம்ப்யூட்டர் தானாகவே கிளம்பியது. அங்கிருந்தபடியே அக்கா புத்தகத்தை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். அப்பாடா!

"அப்போ மூத்தவளோட கோபம்?" என்றான் தம்பி, ஈனஸ்வரத்தில்.

குருவுக்கு எரிச்சல். "கோபமாவது மண்ணாவது! டிஸ்கைப் பார்த்தாலே தெரியுதே, கிளப்புற பகுதியை அழிச்சதே நீங்கதானே!"

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"தெரியாம அழிச்சுட்டேன்கா. சொன்னா நீ திட்டுவே."

"திட்டியிருப்பேன்டா. அதோட முடிஞ்சிருக்கும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படியில் ஒருவர் மூச்சுவாங்க ஏறிவந்தார். "தம்பி, குரு இருக்காரா? எங்க டிஸ்குக்கு ஏதோ கோபமாம்."

"அதிருக்கட்டும் அண்ணே. நீங்க எதை அழிச்சீங்க?"

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். அதுக்குத் தலையாட்டுறதுக்குன்னே மேலே ஒருத்தர் கடை போட்டிருக்கார். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதுக்கு யாரும் கட்டணம் கேட்க மாட்டாங்க."